நாலு புரிப் பாண்

பாணுக்கு ஆத்துமா கிடையாது.

இந்த உண்மையை உலகத்துக்கு அறிவித்தவர் தோட்டவெளி யாகப்பர். ஆயுளில் பாதிக்கு மேல் கோதுமை மாவுக்குள் கையை விட்டுத் துழாவியவர் என்ற முறையில் அவருக்கு இதில் துளி சந்தேகமும் இருக்கவில்லை. மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், நெருப்பு. இவற்றுக்கு வெளியே பாணுக்குள் எதுவும் இல்லை, இருந்தால் அது மாவில் பறந்து வந்து விழுந்த இலையானாகத்தான் இருக்கும் என்று பங்குச் சபைக் கூட்டத்திலேயே எழுந்து நின்று சொன்னவர். நற்கருணை அப்பம் இந்தக் கணக்கில் சேராது என்று, பங்குத்தந்தையின் முகத்தைப் பார்த்த பிறகு, ஒரு திருத்தமும் கொண்டுவந்தார். திருத்தம் ஏகமனதாக ஏற்கப்பட்டது.

அப்படிப்பட்ட யாகப்பர் அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் தன் வீட்டு முற்றத்தில், சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையொன்றில், பந்தலுக்குத் தறப்பாள் கட்டுகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருந்துகொண்டிருந்தார். "மாமா, காலைக் கொஞ்சம் எடுங்கோ" என்றார்கள். எடுத்தார். "கதிரையைக் கொஞ்சம் தள்ளுங்கோ" என்றார்கள். தள்ளினார். மத்தியானம் அவருடைய மனுசி மெற்றில்டா செத்துப்போயிருந்தாள். உடம்பை மலர்ச்சாலைக்காரர் கொண்டுபோயிருந்தார்கள். பொழுது படுவதற்குள் பெட்டியோடு கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

வருகிற எல்லோரும் அவருடைய கையைப் பிடித்தார்கள். பிடித்த கையை விடாமலே கேட்டார்கள்.

"கடைசியா என்ன சொன்னவ?"

செத்த வீட்டில் இது கேட்கப்படாவிட்டால்தான் குறை. முதலில் கேட்டது பின்வளவுக் கிழவர். யாகப்பர் யோசிக்காமல், "தண்ணி கேட்டவ" என்றார். கிழவர் திருப்தியோடு தலையை ஆட்டிவிட்டுப் போய்ச் சுவரோரம் இருந்தார். தண்ணீர் கேட்பது மரியாதையான சாவு.

மெற்றில்டா தண்ணீர் கேட்கவில்லை.

காலமை, இரண்டாவது அடுக்குப் பாண் இறக்கி முடிந்த நேரம், அவள் பேக்கரியின் பின்கதவடிக்கு வந்தாள். நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். முகம் மா பூசினது மாதிரி இருந்தது. பேக்கரியில் முகத்தில் மா பூசியிருப்பது பார்த்துப் பழகின காட்சி என்பதால் யாகப்பர் அதைக் கவனிக்கவில்லை.

"இஞ்சருங்கோ. இண்டைக்கு எனக்கு என்னவோ மாதிரிக் கிடக்கு. அந்தச் சின்ன அடுப்புக்கு முன்னால குந்தியிருக்க ஏலாது. மா குழைச்சு வைச்சிட்டன். பின்னேரம் போறணைக்குள்ள ஒரு ஓரத்தில வைச்சுத் தாங்கோவன்."

கடையில் இரண்டு ஓட்டோக்காரர் பணிசும் பிளேன்ரீயுமாக நின்றார்கள். பாண் சுடுகிற போறணையடியில் வேலைக்காரன் கோகுலன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பல் வாரிக்கொண்டிருந்தான். ஆக மூன்று பேர். யாகப்பருக்கு மூன்று பேர் என்றால் ஒரு சபை.

"என்ர போறணைக்குள்ள யூதப் பாண் ஏறாது" என்றார். "உனக்கென்ன, நாலு மாமிமார் இருக்கினமெல்லோ. சாராவைக் கூப்பிடு, வந்து சுட்டுத் தருவா."

ஓட்டோக்காரரில் ஒருவனுக்குப் பிளேன்ரீ புரைக்கேறியது. கோகுலன் சாம்பலுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். மெற்றில்டாவும் சிரித்தமாதிரித்தான் இருந்தது. கொஞ்ச நேரம் நிலையைப் பிடித்தபடியே நின்றுவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான். பிறகு இருவரும் கதைக்கவில்லை.

மெற்றில்டா இஸ்ரேலுக்கு ஒரு நோயாளிப் பெண்ணைப் பார்க்கிற வேலைக்குப் போய்விட்டு வந்தவள். அந்தக் காசில்தான் மகன் மில்ரன் கட்டாருக்குப் போனான், வீட்டுக்கு ஓடு ஏறியது. வரும்போது பெட்டி நிறையச் சொக்கிளேற்றும், உடுப்பு மினுக்க ஒரு ஸ்ரீம் அயனும், அந்தப் பெண்ணின் வீட்டில் பிடித்த இந்தப் பழக்கமும் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் முட்டையும் எண்ணெயும் விட்டு மா குழைப்பாள். தலையில் முக்காடு போடுவாள். மாவில் நெல்லிக்காயளவு கிள்ளி எடுத்து நெருப்பில் போட்டு, சாரா, ரெபேக்கா, ராகேல், லேயா என்று நாலு பேர் சொல்லுவாள். மிச்ச மாவை நாலு புரியாகத் திரித்துச் சடை பின்னுவது மாதிரிப் பின்னிச் சுடுவாள். பொழுது பட்டால் யூதருக்கு ஓய்வு நாள் தொடங்கிவிடும், அதற்குள் சுட்டு முடித்துவிடுவாள்.

"வேதத்தை மாத்திப்போட்டியோ?" என்று யாகப்பர் ஆரம்பத்தில் கேட்டார்.

"இவையள் எங்கட வேதத்திலயும்தான் இருக்கினம். நாங்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு எண்டு ஆம்பிளையளை மட்டும் கூப்பிடுறம். அவைக்குச் சமைச்சுப் போட்ட ஆக்களை ஒருத்தரும் கூப்பிடுறேல்லை" என்றாள். பிறகு, அவர் கேட்காமலே, "அங்க கிழமை முழுக்க நான் வேலைக்காரி. வெள்ளிக்கிழமை இந்த மாவுக்குள்ள கை வைக்கிற நேரம் மட்டும், ஆரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருக்கும்" என்றாள்.

யாகப்பருக்கு இது விளங்கவில்லை. விளங்காததைப் பகிடியாக்குவதில் அவர் கெட்டிக்காரர். தோளில் கிடக்கும் துவாயை எடுத்து முக்காடு போடுவார். உதிரி மாவில் நாலு புரி திரித்து, இடுப்பை ஒடித்துக்கொண்டு பின்னுவார். ஒரு கிள்ளு கிள்ளிப் போறணைக்குள் எறிந்துவிட்டு, மூக்கால், ஒப்பாரியும் பூசைப் பாட்டும் கலந்த ஒரு குரலில், "சா...ரா... ரெபே...க்கா..." என்று இழுப்பார். வெள்ளிக்கிழமை பின்னேரப் பாணுக்கு வருகிறவர்கள் இதற்காகவே கொஞ்சம் வெள்ளெனவே வருவார்கள். "யாகப்பண்ணை, ஒருக்கா மாமிமாரைக் கூப்பிடுங்கோவன்" என்று கேட்டு வாங்கினவர்களும் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் மெற்றில்டாவின் சின்ன அடுப்பு இருந்தது. சுவர் ஓட்டுக்கு எட்டாத சுவர். சிரிப்பெல்லாம் தாராளமாகப் போய்வரும்.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது மெற்றில்டா குசினியில் பலகையில் இருந்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் அலுமினியத் தாச்சி, ஈரத்துணி போட்டு மூடியபடி. துணி நடுவில் மேடாக எழும்பியிருந்தது. யாகப்பர் வாசலில் நின்று முதலில் அதைத்தான் பார்த்தார். 'நல்லாப் பொங்கியிருக்கு' என்று நினைத்தார். நினைத்து முடித்து, கை கழுவப் போய், கழுவி வந்த பிறகுதான் மனுசியின் முகத்தைப் பார்த்தார்.

இதையெல்லாம் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளிடம் சொல்ல முடியுமா?

அவருடைய தமையன் சவிரியான் வந்தார். ஊரில் செத்த வீட்டு முறைதலைகளுக்கு அவர்தான் உச்ச நீதிமன்றம். மேன்முறையீடு கிடையாது.

"கடைசியா என்னடா சொன்னவள்?"

தண்ணீர் தமையனுக்குப் போதாது என்று யாகப்பருக்குத் தெரிந்தது. "பிள்ளையளைக் கவனமாப் பாருங்கோ எண்டவ."

சவிரியான் கண்ணைத் துடைத்தார். கட்டாரிலிருந்து வீடியோவில் அழுதுகொண்டிருந்த மில்ரனுக்கும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. அவன் இன்னும் பெரிதாக அழுதான். மகள் ஜெயனி வேலை செய்கிற கந்தோரிலிருந்து வந்த சீலையோடேயே ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தகப்பனைப் பார்த்தாள்.

பிறகு பங்குத்தந்தை வந்தார். அவருக்கு முன்னால் பிள்ளைகளும் போதாமல் போனார்கள்.

"அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தவ, ஃபாதர்" என்றார் யாகப்பர். தன் வாயிலிருந்து அது வருவதை அவரும் மற்றவர்களைப்போலவே கேட்டுக்கொண்டிருந்தார். "பாதியில நிண்டிட்டுது."

"எந்த இடத்தில?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "எங்கள் மரண நேரத்திலும்... அந்த இடத்தில."

தறப்பாளின் கீழ் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். மெற்றில்டாவை உயிரோடு இருந்தபோது 'யூதப் பாண்காரி' என்று சொன்னவள் அவள்.

கொஞ்ச நேரத்தில் மரண அறிவித்தல் ஓட்டோ ரோட்டில் போனது. கூரையில் கட்டிய ஒலிபெருக்கி கரகரத்தது. தோட்டவெளியைச் சேர்ந்த பேக்கரி உரிமையாளர் யாகப்பரின் அன்பு மனைவி மெற்றில்டா அவர்கள், கணவரின் அரவணைப்பில், 'எங்கள் மரண நேரத்திலும்' என்று செபித்தவாறே, இன்று இறைபதம் அடைந்தார். படலையடியில் வாழையிலை தின்றுகொண்டிருந்த கழுதையொன்று காதை விடைத்து நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது. 'கணவரின் அரவணைப்பில்' யாருடைய கைவண்ணம் என்று யாகப்பருக்குத் தெரியவில்லை. பொய் வளர ஆரம்பித்தால் அதற்கு ஊரே தண்ணீர் ஊற்றும்.

கோகுலன் தறப்பாள் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனும் அதைக் கேட்டான். கேட்டுவிட்டு, ஏற்கனவே இறுக்கிக் கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினான். யாகப்பர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவனும் பார்த்திருக்க மாட்டான்.

அப்போது நசீறா குசினிப் பக்கமிருந்து வந்தாள். முன்வீட்டுக்காரி, தையல்காரி. பிள்ளையில்லாதவள். அவள் யாகப்பரிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டது சவிரியானிடம்.

"பெரியவர், அக்கா குழைச்ச மா பொங்கி வெளிய வழியுது. என்ன செய்யிற?"

"என்ன மா?"

"வெள்ளிக்கிழமைப் பாண் மா. எனக்கு ஒரு துண்டு தருவா. நாலு பேர் சொல்லுவாவே, அதோட என்ட பேரையும் சொல்லுறயாம். அவங்கள்ல மூணு பேருக்குக் கனகாலம் புள்ள இல்லாம இருந்து கிடைச்சதாம்." நசீறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கிடைக்குதோ இல்லையோ, வாரா வாரம் என்ட பேரை அல்லாட்ட ஒருத்தர் சொல்லுறாங்க எண்டு இருந்திச்சு."

யாகப்பர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். சுவருக்கு இந்தப் பக்கம் அவர் நாலு பேரைத்தான் கேட்டிருந்தார். ஐந்தாவதாகச் சொன்னதெல்லாம் சிரிப்புச் சத்தத்தில் கேட்டிருக்காது.

சவிரியான் தீர்ப்புச் சொன்னார். "செத்த வீட்டில அடுப்பு மூட்டப்படாது. பிரேதம் எடுக்குமட்டும் இந்த வளவுக்குள்ள நெருப்பு இல்லை. கொண்டுபோய்க் கிணத்தடியில கொட்டுங்கோ."

"சாப்பாட்டுச் சாமானைக் கொட்டுறயா?" என்றாள் நசீறா.

"வேற என்ன செய்யிறது? நாளைக்கு நாறும். என்ன, யாகப்பு?"

எல்லோரும் யாகப்பரைப் பார்த்தார்கள். மா விசயத்தில் அவர்தான் ஊருக்கு வல்லுநர். யாகப்பர் எழும்பினார். "நான் பாக்கிறன்" என்றுவிட்டு உள்ளே போனார். கொட்டத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

குசினியில் ஜெயனி இருந்தாள். தாய் இருந்த பலகையில் இருக்காமல், அதற்குப் பக்கத்தில் நிலத்தில். தாச்சியிலிருந்து மா துணியையும் தூக்கிக்கொண்டு விளிம்பால் வழிந்திருந்தது. யாகப்பர் குனிந்து தாச்சியைத் தூக்கப் போனார்.

"அப்பா."

அவர் நிமிரவில்லை.

"அம்மா கந்தோருக்குக் கோல் எடுத்தவ."

தாச்சியில் வைத்த கை வைத்தபடியே நின்றது. "எப்ப?"

"உங்கட்டக் கேட்டுட்டு வந்த உடன. போறணைக்குள்ள வைக்க ஏலாதெண்டு சொல்லிப்போட்டாராம், சாராவைக் கூப்பிடட்டாம் எண்டு சொன்னவ." ஜெயனியின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. சம்பளக் கந்தோரில் ஆட்களுக்குப் பதில் சொல்லிப் பழகின குரல். "சொல்லிச் சொல்லிச் சிரிச்சவ. வயசான காலத்தில பிள்ளை பிறக்கும் எண்டதைக் கேட்டு, சாராவும் கதவுக்குப் பின்னால நிண்டு சிரிச்ச ஆள்தானாம். ஏன் சிரிச்சனி எண்டு ஆண்டவர் கேக்க, நான் சிரிக்கேல்லை எண்டு பொய்யும் சொன்னவவாம். கொப்பர் அவவோட நல்லா ஒத்துப்போவார் எண்டு சொல்லிச் சிரிச்சவ."

முற்றத்தில் யாரோ கதிரைகளை அடுக்கும் சத்தம் கேட்டது. காலையில் மெற்றில்டா அதைச் சொன்னபோது பொய் இன்னும் சொல்லப்பட்டிருக்கவில்லை. அந்தக் குறையையும் அவர் பின்னேரத்துக்குள் தீர்த்து வைத்துவிட்டார்.

"நான் நேரத்தோட வரட்டோ எண்டு கேட்டனான். வேண்டாம், கொஞ்சம் இருந்தாச் சரியாப்போகும் எண்டவ." ஜெயனி மூக்கை உறிஞ்சினாள். "சனத்துக்கு நீங்கள் என்னவும் சொல்லுங்கோ அப்பா. ஒலிபெருக்கியிலயும் சொல்லட்டும். எனக்குச் சொல்லாதேங்கோ."

யாகப்பர் வாயைத் திறந்தார். மகளுடைய முகத்தைப் பார்க்க முயன்று, அவளுடைய சீலைக் கரை வரைக்கும்தான் வர முடிந்தது.

"மா புளிக்கப் போகுது" என்றார்.

தாச்சியைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் போனார். கிணறு வலப் பக்கம். பேக்கரி இடப் பக்கம். வேலிக்கு மேலால் தள்ளாடிக்கொண்டிருந்த வெயில் பனைகளின் நடுவுக்கு இறங்கியிருந்தது. அவர் நின்றார். பிறகு இடப் பக்கம் திரும்பினார்.

போறணையின் இரும்புக் கதவைத் திறந்து முழங்கை மட்டும் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். விடிய மூட்டின சூடு கல்லுக்குள் இன்னும் கிடந்தது. ஒரு பாணுக்குக் காணும். பின் மூலையில் சாம்பலுக்கு அடியில் தணல் செத்தும் சாகாமலும் சிவந்தது. இன்றைக்கு, இறப்புக்குப் பிறகு, யாரும் நெருப்பு மூட்டவில்லை. மூட்டின நெருப்பு மிச்சம் இருந்தால் அது வேறு விசயம். உச்ச நீதிமன்றம் கேட்டால் இந்த வாதத்தை எடுத்து வைக்கலாம் என்று அவர் நினைத்தார். பழக்கதோசத்தில் அது நல்ல பகிடியாகவும் பட்டது. சிரிப்பு வரவில்லை.

பலகையில் மாத் தூவினார். மாவைக் கொட்டி ஒரு குத்துக் குத்திக் காற்றை இறக்கினார். அது பெருமூச்சு விட்டுப் படிந்தது. அவருடைய மாவைவிட மெதுவாக இருந்தது, முட்டை விட்ட மா. நாலாக வெட்டினார். திரித்தார். தலைப்பை ஒன்றாக அழுத்திவிட்டுப் பின்னத் தொடங்கினார்.

கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எந்தப் புரி மேலால், எந்தப் புரி கீழால் என்று அவரை ஒருவரும் இருத்திச் சொல்லிக்கொடுத்தது கிடையாது. அத்தனை வெள்ளிக்கிழமை ஆட்களைச் சிரிக்க வைத்த கை. அது தன்பாட்டில் போனது. பின்னி முடித்தபோது இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து நிற்பதைக் கண்டார். நேராக நின்றுகொண்டார்.

பின்னலின் நுனியில் நெல்லிக்காயளவு கிள்ளினார். தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தலையில் போட்டார். மாக் கிள்ளைத் தணலுக்குள் போட்டுவிட்டு வாயைத் திறந்தார்.

"சா...ரா..."

மூக்கால் வந்தது. அவரிடம் அந்தப் பேர்களுக்கு அந்த ஒரு குரல்தான் இருந்தது. வெறும் பேக்கரிக்குள் அது சுவரில் மோதித் திரும்பி வந்து அவர் காதிலேயே விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று முதல்தரமாகத் தெரிந்தது. துவாயின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தணலில் மா கறுத்து, சுருண்டு, ஒரு சின்னப் புகையாகப் போய்க்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் சொல்ல வேண்டும்.

தொண்டையைச் செருமினார். பாண் எண்ணுகிற குரலை எடுத்துப் பார்த்தார், அது சரிவரவில்லை. கோவிலில் மன்றாட்டு வாசிக்கிற குரல் அதைவிட மோசம். கடைசியில், நோயாளி படுத்திருக்கிற வீட்டுப் படலையில் நின்று உள்ளே இருப்பவர்களைக் கூப்பிடுகிற மாதிரி, மெதுவாக, ஆனால் கேட்கும்படியாகக் கூப்பிட்டார்.

"சாரா. ரெபேக்கா. ராகேல். லேயா."

கொஞ்சம் பொறுத்து, "நசீறா" என்றார்.

பாணை நீளக் காம்புப் பலகையில் ஏற்றி, போறணையின் நடுவில், விற்கிற றாத்தல் பாண் வைக்கிற நல்ல சூடான இடத்தில் இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார். இரும்பில் நெற்றியை வைத்தபடி நின்றார். உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. பேர்களைத்தான் திரும்பவும் சொன்னாரா, வேறு ஏதுமா என்று சொல்ல முடியாது.

கோகுலன் பெட்டி வந்துவிட்டதைச் சொல்ல ஓடி வந்தான். கதவடியில், துவாய் முக்காட்டோடு போறணையில் சாய்ந்து நிற்கிற முதலாளியைக் கண்டான். பழக்கத்தில் அவனுடைய வாய் ஒரு பக்கமாக விரியத் தொடங்கியது. பாதியில் நின்றது. ரோட்டில் வாகனத்தின் கதவைத் திறக்கும் சத்தமும் பெண்களின் குரலும் எழும்பின.

அவன் கூப்பிடவில்லை. மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துக் கால்வரைக்கும் இறக்கிவிட்டு, நிலையோரம் ஒதுங்கி நின்றான்.